ஒன்பது செண்டில் உங்கள் பங்கு இரண்டு

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர், வக்கீலான எனக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 61. ஊர், பெயர், எந்தத் திருச்சபை என்ற அடையாளங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய அப்பா 1974-ல் கிரயம் வாங்கிய ஒன்பது செண்ட் நிலம் ஆலயத்தை ஒட்டி இருக்கிறது. 1992 அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களின் ஏலம் முடிந்து ஜனங்கள் கலையும் நேரத்தில் அப்பா எழுந்து, "அந்த ஒன்பது செண்ட் இனி ஆண்டவருக்கு" என்று சொன்னாராம். பத்திரம் எதுவும் எழுதவில்லை. அங்கே கொட்டகை போட்டு ஓய்வுநாள் பள்ளி நடந்தது. 2009-ல் அப்பா காலமானார். 2022-ல் கொட்டகையைப் பிரித்துவிட்டு மண்டபம் கட்ட ஆரம்பித்தார்கள். வாசகர் தன் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார். ஒரு லட்சம் வங்கி மூலமாக. மீதி ஐம்பதாயிரம் ரொக்கம், ரசீது இல்லை. "பொருளாளர் என் சித்தப்பா மகன். ரசீது கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வான் என்று கேட்கவில்லை" என்கிறார்.

கிழக்குத் தெருக் குடும்பங்களால் பெரிய தொகை கொடுக்க முடியவில்லை. அவர்கள் சனிக்கிழமைகளில் வந்து கலவை போட்டார்கள். பெண்கள் மணல் சுமந்தார்கள், செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கூலி வாங்கவில்லை. பெண்கள் சங்கத்தார் வீடு வீடாகச் சேர்த்த பிடியரிசியை விற்றுப் பணம் கொடுத்தார்கள்.

திறப்பு விழாவில் ஒரு கல்வெட்டைத் திறந்தார்கள். கருங்கல்லில் தங்க எழுத்து. ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர் மட்டும், தொகை வரிசைப்படி. நம் வாசகரின் பெயர் மூன்றாவது. அப்பாவின் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பெரியப்பா கொடுத்ததுக்குப் பத்திரம் இருக்கா?" என்றாராம் பொருளாளர். கலவை போட்டவர்களைப் பற்றியும் பிடியரிசியைப் பற்றியும் அந்தக் கல்லில் ஒரு வரி கூட இல்லை. அந்த வருட அறுப்பின் பண்டிகை விருந்துக்குக் கிழக்குத் தெருக்காரர்கள் உட்காரவில்லை. ஆராதனை முடிந்ததும் வெளியே போய், வேப்ப மரத்தடியில் தனியாக அண்டா வைத்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். "வக்கீலம்மா, ஒரே ஆலயத்தில் ஆமென் சொல்லிவிட்டு இரண்டு அண்டாவில் சாப்பிட்டோம். சபை ஒற்றுமையை அவர்கள் உடைத்துவிட்டார்கள்" என்று எழுதுகிறார்.

கேள்விகள் இவை. பத்திரமே இல்லாததால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? ஒன்றரை லட்சத்தைத் திரும்பக் கேட்கலாமா? கேட்டுக்குப் பூட்டுப் போட்டு அங்கேயே தனியாக ஜெபக்கூட்டம் நடத்தலாம் என்கிறார் மகன். கொடுத்தது கொடுத்ததுதான், விட்டுவிடுங்கள் என்கிறார் மனைவி. கட்டடக் கணக்கைக் கேட்க இவருக்கு ஆசை இருக்கிறது. ஆனால் சகோதரன் மேல் சகோதரன் வழக்குக்குப் போகக்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே என்ற பயமும் இருக்கிறது.

அன்புள்ள ஐயா,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அப்பா எழுந்து நின்று சொன்ன சொல்லை முப்பது வருடம் காப்பாற்றியிருக்கிறீர்கள். ஆலயத்தை ஒட்டிய நிலத்தை விற்றுத் தரச் சொல்லி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அதற்கு "பத்திரம் இருக்கா?" என்பதுதான் பதில் என்றால் யாருக்கும் வலிக்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதியது. "அம்மா என்னோடு இருக்கிறார்கள், 81 வயது. தங்கைகள் இருவரையும் நகை போட்டுச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, சின்னவள் புருஷனை இழந்து விருதுநகர் பக்கம் தையல் வேலை பார்த்துப் பிழைக்கிறாள்." அவ்வளவுதான். ஆறு பக்கத்தில் அவர்களைப் பற்றி வேறு எதுவும் இல்லை. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த நிலம் இன்று யாருடையது?

உங்கள் அப்பா மனதாரக் கொடுத்தார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் சட்டப்படி அந்தத் தானம் முடியவில்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 123-ன்படி அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க வேண்டுமானால் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு பதிவு செய்த பத்திரம் வேண்டும். இஸ்லாமியர்கள் மத்தியில் வாய்மொழித் தானத்துக்கு அவர்களுடைய தனிச்சட்டம் இடம் கொடுக்கிறது. அதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு அது பொருந்தாது. ஆகவே 2009-ல் அப்பா காலமான அன்றும் நிலம் அவர் பெயரில்தான் இருந்தது.

உயில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-தான் பேசும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் அதில் இல்லை. கட்டிக் கொடுத்த பெண், கட்டிக் கொடுக்காத பெண் என்ற பேதமும் இல்லை. நகை போட்டதாலும் சீர் செய்ததாலும் பங்கு கழிந்துவிடாது. இது நம் பக்கத்தில் மிகவும் வேரோடிப்போன தப்பான எண்ணம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பழைய திருவிதாங்கூர் பகுதியில் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குறைத்துக் கொடுக்கிற தனிச் சட்டம் ஒன்று இருந்தது. 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கேயும் 1925-ம் வருடச் சட்டமே செல்லும் என்று சொல்லிவிட்டது. மதுரை ஜில்லாவில் அந்தச் சிக்கல் ஒருநாளும் இருந்ததில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது செண்டில் அம்மாவுக்கு மூன்று. மீதி ஆறை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு. உங்களுடையது இரண்டு செண்ட். அப்பா கொடுத்தார் என்று நீங்கள் பெருமைப்படுவதும், திரும்ப எடுப்பேன் என்று கோபப்படுவதும், முழு ஒன்பதையும் உங்கள் கையில் வைத்துக்கொண்டு. அதில் ஏழு செண்ட் மூன்று பெண்களுடையது. ஒருவர் விதவைத் தாய், ஒருவர் விதவைத் தங்கை. மண்டபம் எழும்பும்போது அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபா நிலத்தை விற்றுக் கிரயத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது அவனுடைய சொந்த நிலம் என்று அந்த வசனமே சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில் பேதுரு அனனியாவிடம், விற்கும் முன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பின்னும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று கேட்கிறார். கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் முதல் சபையில் கூட இல்லை. கொடுப்பவர் தன்னுடையதை, தானே முடிவு செய்து கொடுக்க வேண்டும். உங்கள் தங்கைகள் இதுவரை எதையும் கொடுக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. இதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

திரும்ப எடுக்க முடியுமா?

பத்திரம் இல்லாததால் நாளைக்கே வேலி போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். சபையின் பக்கமும் சட்டம் இருக்கிறது. இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882, பிரிவு 60-ன்படி, அனுமதி பெற்று ஒருவர் நிலத்தில் நிரந்தரமான கட்டடம் எழுப்பிச் செலவு செய்துவிட்டால், அந்த அனுமதியை நிலத்துக்காரர் ரத்து செய்ய முடியாது. நீங்களே பணம் கொடுத்து, அஸ்திவாரக் கல் போடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். அப்புறம் எதிரிடை அனுபோகம், அதாவது அடுத்தவர் நிலத்தை நீண்ட காலம் தன்னுடையதாக அனுபவித்து உரிமை பெறுவது. வாய்மொழித் தானத்தை நம்பிப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அனுபவித்தவர்களுக்கு உரிமை உண்டென்று தீர்ந்த வழக்குகளும் இருக்கின்றன, அனுமதியின் பேரில் இருந்தவர்களுக்குக் கிடையாது என்று தீர்ந்த வழக்குகளும் இருக்கின்றன. உங்கள் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்று உறுதியாகச் சொல்கிற வக்கீலை நம்பாதீர்கள். ஆனால் முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து அப்பீல், இரண்டாம் அப்பீல் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனால் உங்கள் ஆயுளில் முடியுமா என்பதே கேள்வி. தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால்கூட உங்கள் கைக்கு வருவது இரண்டு செண்ட்.

மகனுக்கு இதைச் சொல்லுங்கள். பூட்டுப் போடுவதும், இரவோடு இரவாகக் கல்வெட்டைப் பெயர்ப்பதும் போலீஸ் வழக்கில் போய் நிற்கும். வேலைக்கு முயற்சி செய்கிற பையன் என்கிறீர்கள். குற்ற வழக்கு ஒன்று பேரில் இருந்தால் அரசு வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். அதே இடத்தில் இரண்டாவது ஜெபக்கூட்டம் என்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு அண்டா வைத்ததற்கு வருத்தப்படுகிற நீங்கள் இரண்டு பீடம் வைக்கச் சம்மதிக்க மாட்டீர்கள்.

ஒன்றரை லட்சத்தின் கதை வேறு. பணம் போன்ற அசையும் பொருள் கையில் கொடுத்த உடனே தானம் முடிந்துவிடும். மனசு மாறிவிட்டது, மரியாதை கிடைக்கவில்லை என்பதற்காகத் திரும்பக் கேட்க சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 126 இடம் தரவில்லை. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. மண்டபத்துக்கென்று கொடுத்த பணம் மண்டபத்துக்குப் போகாமல் வேறு எங்காவது போயிருந்தால் அது நம்பிக்கை மோசடி வரை போகக்கூடிய விஷயம். அப்படி ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லுமுன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கணக்குக் கேட்பது பாவமா?

இல்லை. நீங்கள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அதை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். சகோதரர்களுக்குள் வழக்குத் தீர்க்கிற ஒரு விவேகி கூட உங்களுக்குள் இல்லையா என்றுதான் பவுல் கேட்கிறார். தீர்க்காமல் மூடி வையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. உங்களுக்குள்ளேயே உட்கார்ந்து தீருங்கள் என்கிறார். அதே பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் பணம் சேர்த்தபோது, அதைத் தனியாகச் சுமந்து போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைத் தீத்துவோடு அனுப்பினார். இந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் எங்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காக இந்த எச்சரிக்கை என்று இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே ரசீது தேவைப்பட்டது. உங்கள் சித்தப்பா மகன் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஒற்றுமை என்றால் பேசாமல் இருப்பது என்று நம் சபைகளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. தென்னிந்தியத் திருச்சபை உருவானதை நினைத்துப் பாருங்கள். 1919-ல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்தார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், நம் மதுரைப் பக்கத்து மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகி, 1947 செப்டம்பர் 27-ல் சென்னை ஆலயத்தில் ஆராதனை நடத்த 28 வருடம் ஆனது. யார் அபிஷேகம் பண்ணலாம், யாருடைய குருத்துவம் செல்லும் என்று ஒவ்வொன்றாக விவாதித்தார்கள், எழுதினார்கள், திருத்தினார்கள். கசப்பான கேள்விகளைக் கேட்டுக்கொண்டேதான் ஒன்றானார்கள்.

ஆகவே கேளுங்கள். ஆனால் கேட்கிற விதம் முக்கியம். "என் ஐம்பதாயிரம் எங்கே?" என்று பொருளாளர் வீட்டு வாசலில் நின்று கேட்காதீர்கள். கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மண்டபக் கட்டட நிதியின் வரவு செலவைச் சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வரவில் ரொக்கமாக வந்தவை தனியாகக் காட்டப்பட வேண்டும். அதோடு ஒன்று சேருங்கள், இதுதான் உங்களிடம் நான் முக்கியமாக எதிர்பார்ப்பது: கூலி வாங்காமல் செய்த வேலைக்கும் ஒரு மதிப்புப் போட்டு வரவில் எழுதச் சொல்லுங்கள். எந்தச் சனிக்கிழமை எத்தனை ஆள் வந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அன்றைய சித்தாள் கூலி என்ன, கொத்தனார் கூலி என்ன என்பது ஊருக்கே தெரியும். பெருக்கிப் பார்த்தால் கல்வெட்டில் முதல் பெயர் யாருடையதாக இருந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கமிட்டி மறுத்தால் மேலே போக வழி இருக்கிறது. சேகரம், மறைமாவட்டம் அல்லது திருமண்டலம் என்று உங்கள் சபைக்கு மேலே ஓர் அமைப்பு இருந்தால் அங்கே எழுத்தில் முறையிடலாம். சுயாதீன சபையாக இருந்து, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவாகியிருந்தால் கணக்கைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. பொது தர்ம சொத்தில் அக்கறையுள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 92-ன் கீழ் வழக்குப் போடவும் இடம் இருக்கிறது. அது கடைசி வழி. அதற்கு முன்னால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடாமலே, சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை. பவுல் சொன்ன விவேகி உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் அங்கே ஒருவரை உட்கார வைப்பார்கள்.

பிரிந்தது யார்?

ஐயா, உங்கள் கடிதத்தில் சாதி என்ற சொல் ஒரு இடத்தில் கூட இல்லை. கிழக்குத் தெரு என்ற சொல் பதினோரு இடத்தில் இருக்கிறது. நாம் இருவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள், தெருப்பெயர் எதைச் சொல்கிறது என்று ஒருவருக்கொருவர் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் இங்கே வேலையைத் தொடங்கியது. சபைக்குள் சாதி பார்ப்பதை ஒப்புக்கொள்ள முடியாது என்று 1847-ல் அந்த மிஷன் தீர்மானம் போட்டது. விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னதைப் போதுமென்று வைத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சமையலைச் சாப்பிடுகிறாயா என்று பார்த்தார்கள். சபையார் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து இந்தப் பக்கத்தில் அந்த அளவுக்குக் கனமான விஷயம். ஆகவே அன்று வேப்ப மரத்தடியில் நடந்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அதை உடைத்தவர்கள் அவர்கள் என்று நீங்கள் எழுதியதை ஏற்றுக்கொள்ள முடியாது. கொரிந்துவிலும் விருந்து இரண்டாகத்தான் போயிற்று. சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், சிலர் பசியோடு இருந்தார்கள். பவுல் கடிந்துகொண்டது யாரை? இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று, இருக்கிறவர்களை. உங்கள் ஊரில் வெட்கப்படுத்தியது அந்தக் கல். சனிக்கிழமை சனிக்கிழமையாக மணல் சுமந்த அம்மா திறப்பு விழாவில் அந்தக் கல்லின் முன் நின்று தங்க எழுத்தை மேலிருந்து கீழே வாசித்திருப்பார், அல்லது பள்ளிக்கூடம் போகிற பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார். அடுத்த பண்டிகைக்கு அவர் அந்த மண்டபத்தில் இலை போட்டு உட்கார வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? உங்கள் அப்பாவின் பெயர் விட்டுப்போனது உங்களுக்கு எப்படி வலித்ததோ அதே வலிதான் அவர்களுக்கும். நீங்கள் வக்கீலுக்குக் கடிதம் எழுதினீர்கள், அவர்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

எருசலேம் சபையிலும் இதே முறையீடு வந்தது. அன்றாட விசாரிப்பில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். ஒற்றுமையைக் கெடுக்காதே என்று யாரும் அவர்கள் வாயை அடைக்கவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் என்று தெரிகிறது. உங்கள் கமிட்டிக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. கிழக்குத் தெருவிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்தவர், கட்டட நிதிக் குழுவில் வர வேண்டும். பேருக்கு வந்து உட்காருவது போதாது, வங்கிக் கணக்கில் அவர்களில் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது என்று இருக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை மேலத் தெருவிலிருந்து நீங்கள் கொண்டுவந்தால் அதன் கனமே வேறு.

பெயரைப் பத்திரத்தில் எழுதுங்கள்

இனி செய்ய வேண்டியது. முதலில் தங்கைகள் இருவரையும் நேரில் போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம். அவர்களுக்கு இரண்டு இரண்டு செண்ட் உரிமை உண்டு என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். வேறு யாராவது சொல்லி அவர்களுக்குத் தெரியவந்தால் இத்தனை வருட உறவு போய்விடும். அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. அப்பா சொன்னதை மதித்துத் தங்கள் பங்கையும் கொடுக்கலாம். தங்கள் பங்குக்கு உங்களிடம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். அல்லது முடியாது என்று சொல்லலாம், அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. சின்னத் தங்கை விஷயத்தில் என் கருத்தைக் கேட்டால், அவர் கொடுக்க முன்வந்தாலும் அவருடைய பங்கின் மதிப்பை உங்கள் கையிலிருந்து அவருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, அவர் தையல் மெஷினை மிதித்தால்தான் அடுப்பு எரியும். கட்டாயமாய் அல்ல, மனதில் நியமித்தபடியே கொடுக்கட்டும் என்ற வசனம் அவருக்கும் சேர்த்து எழுதப்பட்டதுதான். அவர் தனியாக ஒரு வக்கீலிடம் கேட்க விரும்பினால் தடுக்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். மூன்று செண்ட் அவர்களுடையது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுவதுதான் நல்லது. உயில் எழுதி வைக்கவும் செய்யலாம். நெருங்கிய சொந்தங்கள் உள்ள கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்கு உயில் எழுத வேண்டுமானால், இறப்பதற்குப் பன்னிரண்டு மாதம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும் என்று முன்பு வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 118 தடை போட்டது. 2003-ல் ஜான் வள்ளமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிக் குழப்புவார்கள்.

எல்லோரும் சம்மதித்தால் வாரிசுச் சான்று, 1974 மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரம் பதிவு செய்யுங்கள். வாங்குபவர் பெயரில் கவனம் வேண்டும். பொருளாளர் பெயருக்கோ போதகர் பெயருக்கோ எழுதாதீர்கள். தென்னிந்தியத் திருச்சபைச் சபையானால் அதன் சொத்துகள் அந்தத் திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். கத்தோலிக்கப் பங்கானால் மறைமாவட்டத்திடம் கேட்க வேண்டும். சுயாதீன சபையானால் பதிவு செய்த சங்கமோ டிரஸ்ட்டோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அதை முதலில் உண்டாக்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் எழுதுகிற செட்டில்மெண்டுக்கு உள்ள சலுகைக் கட்டணம் இதற்குக் கிடைக்காது. முத்திரைச் செலவைச் சபை ஏற்றுக்கொள்ளட்டும்.

பத்திரத்தின் முன்னுரைப் பகுதியில் உங்கள் அப்பாவின் பெயரை எழுதுங்கள். இன்னார் 1992 அறுப்பின் பண்டிகையில் சபையார் முன்பாக இந்த நிலத்தைக் கொடுப்பதாக அறிவித்தார், அவருடைய விருப்பத்தை நிறைவேற்ற அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இதைக் கொடுக்கிறோம் என்று வரட்டும். அம்மா பெயரும் தங்கைகள் பெயரும் கொடுத்தவர்களின் வரிசையில் உங்கள் பெயரோடு சமமாக நிற்கும். "பத்திரம் இருக்கா?" என்ற கேள்விக்கு அதுவே பதில். அதோடு, இந்த மண்டபமும் இதில் நடக்கும் விருந்தும் எந்த வேற்றுமையும் இல்லாமல் சபையின் எல்லாக் குடும்பங்களுக்கும் பொது என்று ஒரு ஷரத்தும் சேருங்கள். கொடுப்பவர்களாகிய உங்களுக்கு அதைக் கேட்க அதிகாரம் இருக்கிறது, கையெழுத்துப் போடும் வரைதான் இருக்கிறது. உங்கள் பக்கத்து வக்கீலிடம் வாசகத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நன்கொடையாளர் நினைத்தபோது ரத்து செய்யலாம் என்கிற மாதிரி எழுதிவிட்டால் அது செல்லாது.

கல்வெட்டைப் பொறுத்தவரை, அதில் அப்பா பெயரைச் சேர்க்கச் சொல்லிப் போராடாதீர்கள். அதை எடுத்துவிட்டு, சபையாரின் காணிக்கையாலும் உழைப்பாலும் கட்டப்பட்டது என்று வருடத்தோடு ஒரே வரியில் வேறு கல் வைக்கலாம் என்று கூட்டத்தில் நீங்கள் முன்மொழியுங்கள். மூன்றாம் இடத்தில் இருக்கும் உங்கள் பெயரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் சித்தப்பா மகனுக்குக் கோபம் வரலாம். அவரிடம் முந்தின நாளே போய்ச் சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் வைத்து முதல் தடவையாகக் கேட்கும்படி விடாதீர்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் விருதுநகர் பஸ் முதலில். அங்கே போய்ப் பேசி முடிக்காமல் கமிட்டிக்கு எந்தக் கடிதமும் எழுத வேண்டாம்.